வீட்டுக்கு வீடு ஒரு வழங்கி

கைபேசியில் ஒருவர் தம் கருத்தை எழுதி அனுப்புகிறார். அந்தக் கருத்து எங்கே போய்த் தங்குகிறது? இன்றைய இளையர்களிடம் கேட்டால், பெரும்பாலோர் ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். அந்த நிறுவனம் விரும்பும் வரை அந்தக் கருத்து இருக்கும். நிறுவனம் கடையை மூடினால் கருத்தும் மறைந்துவிடும். இதுதான் இயல்பு என்று உலகம் பழகிவிட்டது.

ஆனால் இணையம் பொதுமக்களின் கைக்கு வருவதற்கு முன்பே, எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத ஓர் உரையாடல் வலை இருந்தது. அதற்குத் தலைமை அலுவலகம் இல்லை, தலைவரும் இல்லை. பங்குகொண்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரு வழங்கி, அதாவது ஒரு செர்வர், இருந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பது போல அந்த வலை நகர்ந்தது. அதன் பெயர் யூஸ்நெட். அதன் வரலாறு கணினித் துறையினருக்கு மட்டும் உரியதன்று. எழுதியதைக் காப்பாற்றி வைக்க விரும்பும் எல்லோருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

150 வரியில் தொடங்கிய வலை

1979ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு ஆய்வு மாணவர்கள் இருந்தார்கள். அக்காலத்தில் அமெரிக்கத் தற்காப்புத் துறை ஆதரவில் அர்ப்பாநெட் என்ற கணினி வலை இயங்கியது. அதில் சேர, தற்காப்புத் துறையோடு தொடர்புள்ள ஆய்வுப் பணி வேண்டும். அந்த வாய்ப்பு இல்லாத பல்கலைக்கழகங்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

பெல் ஆய்வகம் அந்த ஆண்டு வெளியிட்ட யுனிக்ஸ் இயங்குதளத்தில் யு.யு.சி.பி. என்ற வசதி இருந்தது. ஒரு யுனிக்ஸ் கணினி, தொலைபேசி வழியாக இன்னொரு யுனிக்ஸ் கணினியை அழைத்துக் கோப்புகளைக் கொடுத்து வாங்க அது உதவியது. இதை வைத்தே தகவல் பரிமாறினால் என்ன என்று டியூக் மாணவர்கள் யோசித்தார்கள். பக்கத்து ஊரான சேப்பல் ஹில்லில் இருந்த வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ஸ்டீவ் பெலோவின் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

முதல் முயற்சிக்கான நிரலை எழுதியவர் பெலோவின். அது பெரிய மென்பொருள் அன்று. ஷெல் ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரல்தான். சுமார் 150 வரிகள். இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டிய நிரலாக எழுதியிருந்தால், அன்றைய கணினியில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஸ்கிரிப்ட் என்றால் எழுதியவுடன் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அது மிகவும் மெதுவாக ஓடியது. பிறகு டியூக்கின் ஸ்டீபன் டேனியல் அதைச் சி மொழியில் புதிதாக எழுதினார். 1980 ஜனவரியில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் நடந்த யுனிக்ஸ் பயனர் மாநாட்டில் ஜிம் எல்லிஸ் இந்தத் திட்டத்தை அறிவித்தார். சேர விரும்புவோருக்கு மென்பொருள் இலவசம்.

நாளொன்றுக்கு ஒன்றிரண்டு கட்டுரைகள் வரும் என்றுதான் அதை உருவாக்கியவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு தப்பாகப் போனது. மனிதர்களுக்குப் பேச இவ்வளவு இருக்கும் என்று அன்று யாரும் எண்ணவில்லை.

அண்டை வீட்டுச் சங்கிலி

யூஸ்நெட் இயங்கிய விதம் மிக எளிமையானது. ஒருவர் தம் கணினியில் ஒரு கட்டுரையை எழுதிப் போடுகிறார். அதற்கு ஒரு தனி அடையாள எண் கிடைக்கிறது. அந்தக் கணினி தன் அண்டைக் கணினிகளை அழைத்துக் கட்டுரையைக் கொடுக்கிறது. அவை தத்தம் அண்டைக் கணினிகளுக்குக் கொடுக்கின்றன. ஏற்கெனவே வந்த எண் மீண்டும் வந்தால் கணினி அதை ஒதுக்கிவிடும். கட்டுரை எந்தெந்தக் கணினிகளைத் தாண்டி வந்தது என்ற வழித்தடமும் அதன் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். இவ்வாறு ஒரு கட்டுரை, நடுவில் எந்தக் கட்டுப்பாட்டு நிலையமும் இல்லாமல், எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது.

பேசும் பொருளுக்கு ஏற்பக் கட்டுரைகள் செய்திக்குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. எந்தக் குழுவை ஏற்பது, எதை விடுவது என்பதை அந்தந்த வழங்கியின் பொறுப்பாளரே முடிவு செய்தார்.

செலவை யார் ஏற்றார்கள்? இங்கேதான் இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி இருக்கிறது. தொடக்கக் கால மோடம்களின் வேகம் நொடிக்கு சுமார் 30 எழுத்து. 3,000 எழுத்துள்ள ஒரு கட்டுரை போய்ச் சேர 100 நொடி பிடிக்கும். அந்த நேரமெல்லாம் தொலைபேசிக் கட்டணம் ஓடும். அமெரிக்காவில் இரவு நேரத்தில் கட்டணம் குறைவு என்பதால் கணினிகள் நள்ளிரவில் ஒன்றையொன்று அழைத்தன. தானாக எண் சுழற்றும் கருவி விலை அதிகம் என்பதால், டியூக் மாணவர்கள் அதையும் தாங்களே செய்துகொண்டார்கள். அழைக்க வசதியில்லாத இடங்களை டியூக் அழைத்து, பிறகு கட்டணத்தை வாங்கிக்கொண்டது. பெரிய ஆய்வகங்களும் கணினி நிறுவனங்களும் தங்கள் தொலைபேசிக் கணக்கில் பெரும்பங்கைச் சுமந்தன.

ஆக, யூஸ்நெட் இலவசமாக ஓடவில்லை. ஒவ்வொருவரும் தம் பங்கைத் தம் வீட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். ஒட்டுமொத்தச் செலவு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமலே அது வளர்ந்தது.

பள்ளி மாணவரும் பங்காளி

யாருக்கும் சொந்தமில்லாத வலையில் யார் வேண்டுமானாலும் பணியாற்றலாம். 1981ஆம் ஆண்டு, கூட்டம் பெருகிப் பழைய மென்பொருள் தடுமாறியபோது, அதைப் புதிதாக எழுதியவர்கள் இருவர். ஒருவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு மாணவர் மேரி ஆன் ஹார்ட்டன். மற்றவர் மேட் கிளிக்மன், உயர்நிலைப் பள்ளி மாணவர்! அவர்கள் உருவாக்கிய பி நியூஸ் என்ற மென்பொருள்தான் அடுத்த சில ஆண்டுகள் யூஸ்நெட்டைத் தாங்கி நின்றது.

வீட்டிலும் அலுவலகத்திலும் சொந்தத் தேவைக்காக எழுதிய சிறு நிரல்களைப் பகிர்ந்துகொள்வதற்கென்றே செய்திக்குழுக்கள் இருந்தன. கட்டுரை எழுத்தாக மட்டுமே போக முடியும் என்பதால், பல கோப்புகளை ஒரே எழுத்துக் கட்டாக மாற்றி அனுப்பும் ஷார் என்ற முறை வழக்கில் இருந்தது. அந்தக் கட்டே ஒரு சிறு நிரல்தான். பெற்றவர் அதை ஓட்டினால், உள்ளே இருந்த கோப்புகள் பிரிந்து விழும். முன்பின் தெரியாதவர் அனுப்பிய நிரலைத் தம் கணினியில் ஓட்டுவது ஆபத்தும்கூட. எனவே விவரம் தெரிந்தவர்கள் கட்டைப் பிரிக்குமுன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தார்கள். சந்தையில் வாங்கிய கீரையை ஆய்ந்து பார்ப்பது போல!

லாரி வால் என்ற நிரலாளரின் பணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செய்திக்குழுக்களைப் படிக்க அவர் 1984இல் ஆர்.என். என்ற நிரலை எழுதினார். வேண்டாத கட்டுரைகளைக் கண்ணில் படாமல் ஒதுக்கும் வசதியும் அதில் இருந்தது. 1985இல் பேட்ச் என்ற சிறு நிரலை வெளியிட்டார். ஒரு மென்பொருளைத் திருத்தினால் முழுவதையும் மீண்டும் அனுப்ப வேண்டாம். மாறிய வரிகளை மட்டும் அனுப்பினால் போதும், பேட்ச் அவற்றை உரிய இடத்தில் ஒட்டிவிடும். நொடிக்கு நொடி தொலைபேசிக் கட்டணம் கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று எண்ணிப் பாருங்கள். இன்னும் முக்கியமாக, அறிமுகமில்லாத ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தித் திருப்பித் தரும் பழக்கம் இதனால் வேரூன்றியது. 1987 டிசம்பர் 18ஆம் நாள் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியும் செய்திக்குழுக்கள் வழியே பரவியதுதான்.

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் இரண்டு அறிவிப்புகள் வந்தன. 6ஆம் நாள் டிம் பெர்னர்ஸ் லீ, தாம் உருவாக்கிய உலகளாவிய வலையைப் பற்றி ஒரு செய்திக்குழுவில் எழுதினார். 25ஆம் நாள் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை எழுதிவருவதாக மற்றொரு குழுவில் தெரிவித்தார். அதுதான் பின்னர் லினக்ஸ் ஆனது. இருவரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

தன் வீட்டுக்குத் தானே பொறுப்பு

தலைவர் இல்லாத ஊரில் சண்டையே வராதா? வந்தது. 1986, 1987ஆம் ஆண்டுகளில் குழுக்களின் பெயர்கள் ஒட்டுமொத்தமாக மாற்றப்பட்டன. கணினி, அறிவியல், சமூகம், பொழுதுபோக்கு என ஏழு பெரும் பிரிவுகள் வகுக்கப்பட்டன. பெரிய வழங்கிகளை நடத்திய சிலர்தான் இதை முன்னின்று செய்தார்கள். எந்தக் குழுவை ஏற்கலாம் என்பதிலும் அவர்களின் சொல்லே எடுபட்டது.

இது பிடிக்காத பிரையன் ரீட், ஜான் கில்மோர், கோர்டன் மோஃபெட் ஆகிய மூவர் 1987இல் ஆல்ட் என்ற தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். தங்கள் வழங்கிகளைத் தங்களுக்குள் இணைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். விரும்பியவர்கள் ஏற்றார்கள், விரும்பாதவர்கள் விட்டார்கள். பெரியவர்களின் வழங்கி மூடிய கதவைத் தாண்டிச் செல்லச் சிறியவர்களுக்குத் தங்கள் சொந்த வழங்கியே வழியானது.

1986 பிப்ரவரியில் பிரையன் காண்டர், பில் லேப்ஸ்லி ஆகியோர் என்.என்.டி.பி. என்ற நெறிமுறையை வெளியிட்டார்கள். இதன் பிறகு தொலைபேசி அழைப்புக்குக் காத்திராமல் இணையம் வழியாகவே கட்டுரைகள் ஓடின. 1992இல் ரிச் சால்ஸ் உருவாக்கிய ஐ.என்.என். என்ற மென்பொருள் பெரிய வழங்கிகளுக்கு வலுச் சேர்த்தது.

சிறிய வீடுகளுக்கும் ஒரு வழி பிறந்தது. 1990களில் நார்வேயைச் சேர்ந்த ஆர்ன்ட் குல்பிரான்ட்சென் லீஃப்நோட் என்ற சிறிய மென்பொருளை எழுதினார். வீட்டுக் கணினியிலேயே ஒருவர் தம் சொந்தச் செய்திக்குழு வழங்கியை நடத்த அது உதவியது. வீட்டில் உள்ளவர்கள் எந்தக் குழுக்களைப் படிக்கிறார்கள் என்று அதுவே கவனித்து, அவற்றை மட்டும் கொண்டுவரும். யாரும் எட்டிப் பார்க்காத குழுவைத் தானே நிறுத்திவிடும். தொலைபேசி இணைப்பைச் சில நிமிடங்கள் திறந்து, புதியவற்றை இறக்கி, இணைப்பைத் துண்டித்துவிட்டால் போதும். பிறகு ஆற அமரப் படிக்கலாம், பதில் எழுதலாம். அடுத்த அழைப்பில் பதில்கள் போய்ச் சேரும்.

பொதுக் கிணறு கலங்கியபோது

ஊருக்குப் பொதுவான கிணற்றில் நீர் இறைக்க எல்லோரும் வருவார்கள். தூர் வார யார் வருவார்கள்? யூஸ்நெட்டுக்கும் இந்த நிலை வந்தது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் புதிய பல்கலைக்கழக மாணவர்கள் வந்து குழம்புவதும், சில வாரங்களில் ஒழுங்கைக் கற்றுக்கொள்வதும் வழக்கம். 1993, 1994ஆம் ஆண்டுகளில் வணிக இணையச் சேவைகள் தங்கள் வாடிக்கையாளர்களை யூஸ்நெட்டுக்குள் திறந்துவிட்டன. புதியவர்களின் வரவு அதன்பின் ஓயவே இல்லை. பழையவர்கள் அதை ‘முடிவில்லாச் செப்டம்பர்’ என்றார்கள்.

1994 ஏப்ரலில் அரிசோனாவின் வழக்கறிஞர் தம்பதியர், குடியேற்றம் தொடர்பான தங்கள் சேவையின் விளம்பரத்தை ஒரு சிறு நிரலைக் கொண்டு ஆயிரக்கணக்கான குழுக்களில் போட்டார்கள். நல்லதுக்குப் பயன்பட்ட அதே சிறு நிரல், இப்போது குப்பை கொட்டவும் பயன்பட்டது. அதன்பின் விளம்பரக் குப்பை நிற்கவே இல்லை. படங்களும் பெரிய கோப்புகளும் குவிந்தன. எல்லாவற்றையும் சுமக்கச் சாதாரண வழங்கிகளால் முடியவில்லை. மக்கள் உலகளாவிய வலைத் தளங்களுக்கு நகர்ந்தார்கள். பராமரிக்க ஆள் வேண்டாம், செலவு வேண்டாம், எல்லாம் ஒரே இடத்தில்! 2010 மே 20ஆம் நாள், யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே தன் வழங்கியை நிறுத்தியது.

விலங்கியல் துறையின் 141 நாடாக்கள்

இவ்வளவு ஆண்டுப் பேச்சும் எங்கே போயிற்று? இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் எத்தனையோ வழங்கிகளில் படிகள் இருந்தன. ஆனால் வட்டில் இடம் போதாததால், பழைய கட்டுரைகளை அழிப்பதே வழங்கிகளின் அன்றாட வழக்கம். எல்லோரிடமும் இருந்தது, எல்லோரும் அழித்தார்கள்.

ஒருவர் அழிக்கவில்லை. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கணினிகளைக் கவனித்துவந்த ஹென்றி ஸ்பென்சர், 1981 முதல் 1991 வரை தம் வழங்கிக்கு வந்தவற்றைக் காந்த நாடாக்களில் பதிந்து வைத்தார். மொத்தம் 141 நாடாக்கள். பின்னர் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தின் டேவிட் வைஸ்மன் அவற்றைத் தம் வண்டியில் ஏற்றிச் சென்று, அவற்றைப் படித்தெடுக்கும் பணிக்குத் துணை நின்றார். அவற்றில் 2 மில்லியனுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருந்தன.

1995இல் தொடங்கப்பட்ட டெஜா நியூஸ் என்ற நிறுவனம், அதற்குப் பிந்தைய கட்டுரைகளைத் திரட்டி வைத்திருந்தது. 2001 பிப்ரவரியில் கூகல் அதை வாங்கியது. ஸ்பென்சரின் நாடாக்களில் இருந்தவற்றையும் சேர்த்து, 20 ஆண்டு உரையாடலை அதே ஆண்டின் இறுதியில் பொதுமக்களின் தேடலுக்குத் திறந்துவிட்டது. அது பாராட்ட வேண்டிய செயல். ஆனால் ஒரே வீட்டுச் சாவியை நம்பியிருப்பதன் பொருளும் பின்னர் விளங்கியது. 2024 பிப்ரவரி 22ஆம் நாள் கூகல் குரூப்ஸ் யூஸ்நெட்டுடனான தொடர்பைத் துண்டித்துக்கொண்டது. பழைய கட்டுரைகளை மட்டும் பார்வைக்கு விட்டுவைத்தது.

அன்றும் யூஸ்நெட் நின்றுவிடவில்லை. தன்னார்வலர்கள் நடத்தும் வழங்கிகள் ஒன்றுக்கொன்று கட்டுரைகளைக் கைமாற்றிக்கொண்டுதான் இருந்தன. பெரிய வீடு ஒன்று கதவை மூடியும், சிறிய வீடுகளின் சங்கிலி அறுபடவில்லை.

தமிழுக்கும் இதில் பங்குண்டு

யூஸ்நெட்டின் சமூகப் பிரிவில் தமிழர்களுக்கென்று சோக்.கல்ச்சர்.தமிழ் என்ற செய்திக்குழு இருந்தது. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தனித்தனிக் குழுக்கள் இருந்தன. அப்போது கட்டுரைகள் ஆங்கில எழுத்தில்தான் போக முடியும். ஆகவே தமிழர்கள் தமிழை ஆங்கில எழுத்திலேயே எழுதினார்கள். லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காட்ட ஒருவர் பெரிய எழுத்தைப் பயன்படுத்தினார். இன்னொருவர் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தார்.

தமிழ் எழுத்துகளைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களும் பெரும்பாலும் தனிமனிதர்கள்தான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், 1990களின் முற்பகுதியில் மயிலை என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தங்கள் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து தந்தார்கள். வீட்டில் செய்த சிறு கருவியை ஊருக்குக் கொடுப்பது என்ற யூஸ்நெட் காலத்துப் பண்பாடு, தமிழையும் கணினியில் வளர்த்தது.

ஆனால் அந்தக் காலத்தில் ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. ஒரு முறையில் தட்டச்சு செய்த கோப்பை இன்றைய யூனிகோட் கணினியில் திறந்தால், புரியாத குறிகளாகத் தெரியும். குறியீட்டை மாற்றித் தரும் சிறு நிரல்கள் இருக்கின்றன. அவற்றையும் ஆர்வலர்களே எழுதி இலவசமாகத் தந்திருக்கிறார்கள். கோப்பு இருந்தால் மீட்டுவிடலாம். கோப்பே இல்லாவிட்டால்?

இந்த வட்டாரத்தின் ஆலயங்களும் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிகளும் 1990களில் வெளியிட்ட ஆண்டு மலர்கள் எத்தனை! அவற்றில் பல, யாரோ ஒரு செயலாளரின் வீட்டில், பழைய வட்டுகளில் இருக்கலாம். அவற்றை யாராவது வைத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். யூஸ்நெட் வழங்கிகளை நடத்தியவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இதற்குப் பெரிய நிதியோ மாநாடோ தேவையில்லை. ஒரு பழைய கணினி, கூடுதலாக ஒரு வட்டு, குறியீட்டை மாற்றும் ஒரு சிறு நிரல், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவர். ஒரு படி சங்கத்தில், ஒரு படி உறுப்பினர் வீட்டில், இன்னொரு படி வேறோர் ஊரில் இருந்தால், எந்த ஒரு கதவு மூடினாலும் கவலையில்லை. பொதுத் தளங்களில் வெளியிடுவதும் நல்லதே. ஆனால் மூலப்படி வீட்டில் இருக்கட்டும்.

டொராண்டோவின் விலங்கியல் துறைக்கும் கணினி உரையாடலுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. அங்கே பணியாற்றிய ஒருவர் அழிக்காமல் எடுத்து வைத்தார் என்பதால்தான், ஒரு தலைமுறையின் பேச்சு பிழைத்தது. உங்கள் சங்கத்தில், உங்கள் பள்ளியில், அந்த ஒருவர் யார்?